நூற்றுக்கு நூறு வாங்கியவர் 157-ல் நிற்பது ஏன்?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 25. சொந்த ஊர் தருமபுரி பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம். கணக்கில் நூற்றுக்கு நூறு. பி.இ. இ.சி.இ. முடித்து மூன்று வருடமாக ஓசூரில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் டேட்டா சயின்ஸில் எம்.எஸ். படிக்க ஆசை. ஜி.ஆர்.இ. தேர்வுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. இங்கிலீஷ் பகுதியில் அடி வாங்குவேன் என்று முன்பே தெரியும். ஆனால் கணக்குப் பகுதியில் முதல் மாதிரித் தேர்வில் 170-க்கு 156, இரண்டு மாதம் கழித்து 157. நடுவில் தினமும் ராத்திரி உட்கார்ந்து 1,400 கணக்குக்கு மேல் போட்டிருக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் "குவான்ட்தானே, 168 சும்மா வரும்" என்கிறார்கள். வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அடுத்து எந்தப் புத்தகம் வாங்கலாம்? வேலையை விட்டுவிட்டு கோச்சிங்கில் சேர்ந்துவிடலாமா? கடைசித் தேர்வின் விடைகளையும் நான் போட்டுப் பார்த்த தாள்களையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். – ஒரு வாசகி, ஓசூர்

பதில்:

வேலையை விட வேண்டாம். புத்தகமும் வாங்க வேண்டாம். இருபது வருடமாக இந்தத் தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் கோச்சிங் வேண்டாம் என்று எழுதுவது என் சோற்றில் நானே மண் அள்ளிப் போடுவதுதான். ஆனால் நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்த பிறகு வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

அந்த 1,400 கணக்கில் எத்தனை தப்பு, அந்தத் தப்புகளை என்ன செய்தீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. விடையைப் பார்த்து, "ஓ, இப்படியா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கடைசித் தேர்வில் 27 கேள்விகளில் 10 தவறு. அந்தப் பத்தையும் ஒரு காகிதத்தில் பிரித்து எழுதினேன். உண்மையிலேயே பாடம் தெரியாமல் போனது இரண்டு: ஒன்று கால்மானம் (குவார்டைல், எண்களை வரிசைப்படுத்தி நாலு சம பங்காகப் பிரிப்பது), இன்னொன்று சேர்க்கை (காம்பினேஷன், இத்தனை பேரில் சிலரை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது). நேரம் போதாமல் கடைசியில் விட்டது மூன்று. அதில் இரண்டைத் தொடவே இல்லை. மீதி ஐந்தும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்குகள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நீங்களே சொல்லிக்கொடுப்பீர்கள். அந்த ஐந்தைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, இரண்டு அளவுகளை ஒப்பிடும் வகை. எக்ஸின் வர்க்கம் எக்ஸை விடப் பெரியது என்று கொடுத்திருக்கிறார்கள். ஏ பக்கம் எக்ஸ், பி பக்கம் 1. எது பெரியது? நீங்கள் இரண்டு பக்கத்தையும் எக்ஸால் வகுத்து, எக்ஸ் 1-ஐ விடப் பெரியது, ஆகவே ஏ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள். எக்ஸ் மைனஸ் 2 ஆக இருந்தால்? வர்க்கம் 4. நாலு மைனஸ் இரண்டை விடப் பெரியதுதானே. அப்போது பி பெரியது. எக்ஸ் 2 ஆக இருந்தால் ஏ பெரியது. ஆக, சொல்ல முடியாது என்பதுதான் விடை. அசமன்பாட்டை, குறி தெரியாத எண்ணால் வகுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. கை பழக்கத்தில் வகுத்துவிட்டது.

இரண்டாவது, 100-க்குக் கீழே உள்ள நேர் முழுக்களில் 7-ஆல் வகுத்தால் மீதி 3 வருபவை எத்தனை? நீங்கள் 10, 17, 24 என்று தொடங்கி 94 வரை எழுதி 13 என்று எண்ணியிருக்கிறீர்கள். வரிசை 10-ல் தொடங்கவில்லை, 3-ல் தொடங்குகிறது. மூன்றில் ஏழு எத்தனை முறை? பூஜ்யம் முறை, மீதி 3. விடை 14. "3-ஐ 7-ஆல் வகுக்க முடியாது" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே நீங்கள் தாளையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் யாரோ ஒரு டீச்சர் சொன்ன வாசகம் அது. இருபத்தைந்து வயதில் ஜி.ஆர்.இ. தாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, ஐந்து பல்புகளில் இரண்டு பழுது. திருப்பி வைக்காமல் இரண்டு எடுத்தால் குறைந்தது ஒன்றாவது பழுதாக இருக்க நிகழ்தகவு என்ன? நீங்கள் போட்டது ஒன்று மட்டும் பழுதாக இருப்பதற்கான கணக்கு. ஐந்தில் மூன்று என்று வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு அது சரியான விடை, ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. இரண்டுமே நல்லதாக வருவது, ஐந்தில் மூன்று பெருக்கல் நாலில் இரண்டு, அதாவது பத்தில் மூன்று. ஒன்றிலிருந்து கழித்தால் பத்தில் ஏழு. இரண்டு வரி.

நாலாவது, விற்பனை ஒரு வருடம் 25% ஏறி அடுத்த வருடம் 20% இறங்குகிறது. பழைய இடத்துக்கே வந்துவிடும்: 100, 125, மறுபடி 100. நீங்கள் 5% லாபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். ஆடித் தள்ளுபடியில் "50% கழிவு, அதற்கு மேல் 20%" என்று போர்டு வைத்திருந்தால் கடையில் நிற்கும்போது 70% என்று ஏமாற மாட்டீர்கள். நூறு ரூபாய்ச் சாமான் ஐம்பதுக்கு வந்து, ஐம்பதில் பத்து போய், நாற்பது ரூபாய் கொடுப்பீர்கள்.

ஐந்தாவது வரைபடத்தில் வந்தது. சந்தைப் பங்கு 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமானால் எத்தனை சதவீதம் உயர்வு என்று கேட்டால் விடை 25. உயர்ந்தது 5 சதவீதப் புள்ளி. அது 20-ல் கால் பங்கு. நீங்கள் 5 என்று போட்டீர்கள்.

இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீதி, சதவீதம், எளிய நிகழ்தகவு, எதிர்ம எண்கள். நீங்கள் பி.இ.-யில் படித்த எதுவும் இதில் இல்லை. ஜி.ஆர்.இ. கணக்கில் நுண்கணிதம் கிடையாது, முக்கோணவியலும் கிடையாது. எண்கள், இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல், இவ்வளவுதான். உங்கள் ஆபீஸ் நண்பர்கள் "சும்மா வரும்" என்பது இதை வைத்துத்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. நுண்கணிதம், ஃபூரியர், லாப்லாஸ் எல்லாம் நீங்கள் இங்கிலீஷில் படித்தீர்கள். பகா எண்ணும் மீதியும் சதவீதமும் பத்தாவதுக்குள் முடிந்துவிட்டன. அவற்றைத் தமிழில் படித்தீர்கள். பதினொன்றாம் வகுப்பில் மீடியம் மாறியபோது யாரும் பின்னால் போய் அந்தப் பழைய பாடத்தை இங்கிலீஷில் சொல்லித்தரவில்லை. தேவையும் இருக்கவில்லை. இப்போது ஜி.ஆர்.இ. வந்து, நீங்கள் தமிழில் படித்த கணக்கை மட்டும் பொறுக்கி எடுத்து இங்கிலீஷில் கேட்கிறது.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். இன்டிஜர் என்றால் என்ன என்று என் வகுப்பில் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களைக் கேட்டால் "முழு எண்" என்பார்கள். நம் பாடப் புத்தகத்தில் முழு எண்கள் என்றால் 0, 1, 2, 3 என்று போகிறவை. எதிர்ம எண்களும் சேர்ந்தால் அதற்குப் பெயர் முழுக்கள். இன்டிஜர் என்பது முழுக்கள். "எக்ஸ் ஒரு இன்டிஜர்" என்று கேள்வியில் படிக்கும்போது மனசுக்குள் "முழு எண்" என்று ஓடினால், மைனஸ் பக்கம் முழுவதும் அந்த நொடியே காணாமல் போய்விடும். உங்கள் தாளில் வேறு ஒரு கணக்கிலும் இது நடந்திருக்கிறது. அதிர்ஷ்டவசமாக விடை மாறவில்லை, அதனால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே முதல் இரண்டு வாரம் புதுக் கணக்கு ஒன்றுகூடப் போடாதீர்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்குப் புத்தகங்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே அத்தியாயத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். எண்ணியல், விகிதம், சதவீதம், புள்ளியியல், நிகழ்தகவு போதும். காரணிக்கு ஃபேக்டர், சில இடத்தில் டிவைசர். மடங்கு மல்டிபிள். ஈவு கோஷன்ட். வீச்சு ரேஞ்ச். இடைநிலை அளவு மீடியன். இதெல்லாம் தெரியும் என்றுதான் சொல்வீர்கள். தெரிவது வேறு, 100 நொடிக்குள் தயங்காமல் வருவது வேறு. "12 இஸ் எ மல்டிபிள் ஆஃப் எக்ஸ்" என்று படித்ததும் எக்ஸ் 12, 24, 36 என்று மனசு ஓடுகிறதா, அல்லது எக்ஸ் 1, 2, 3, 4, 6, 12 என்று ஓடுகிறதா பாருங்கள். முதலாவது என்றால் அந்த வாக்கியம் உங்களுக்கு இன்னும் வசப்படவில்லை. (இன்டிஜர் பாடம் நினைவிருந்தால், இரண்டாவது வரிசையிலும் மைனஸ் 1, மைனஸ் 2 என்று பாதி விட்டுப்போயிருப்பதை இந்நேரம் பிடித்திருப்பீர்கள்.)

அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பழைய 1,400-ல் தப்பாய்ப் போனதை எல்லாம் தேடி எடுத்து, விடையைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். இரண்டாவது முறையும் தப்பானால் நோட்டில் ஏற்றுங்கள். கணக்கை எழுத வேண்டாம். மூன்று வரி போதும்: அவர்கள் கேட்டது என்ன, நான் கண்டுபிடித்தது என்ன, எந்தச் சொல்லில் அல்லது எந்த வரியில் திரும்பினேன். தமிழிலேயே எழுதுங்கள். "குறைந்தது ஒன்று என்று கேட்டான், நான் சரியாக ஒன்று என்று போட்டேன்" என்று கைப்பட எழுதினால் அடுத்த முறை "அட் லீஸ்ட்" என்று கண்ணில் பட்டதும் கை நிற்கும். "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதக் கூடாது. அதை எழுதினால் அந்தத் தப்புக்கு மன்னிப்புக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். பதினைந்து தப்பு ஏறியதும் நோட்டே சொல்லிவிடும், உங்களைக் கவிழ்க்கும் சொற்கள் மொத்தம் ஏழெட்டுத்தான் என்று.

அந்த ஏழெட்டில் எவை இருக்கும் என்று இங்கிருந்தே ஊகிக்கிறேன். "நோ மோர் தேன் 5" என்றால் 5-க்கு மேல் போகாது, 5 உண்டு. "ஃபியூவர் தேன் 5" என்றால் 5 கிடையாது. "நான்நெகட்டிவ்" என்றால் பூஜ்யமும் உள்ளே. "பாசிட்டிவ்" என்றால் பூஜ்யம் வெளியே. அப்புறம் சதவீதம். பி 40 என்று வையுங்கள். ஏ, பி-யில் 150 சதவீதம் என்றால் ஏ 60. ஏ, பி-யை விட 150 சதவீதம் அதிகம் என்றால் ஏ 100. தமிழில் "-இல்", "-ஐ விட" என்று உருபே வித்தியாசத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. இங்கிலீஷில் ஒரு குட்டி "ஆஃப்", ஒரு "தேன்", இரண்டையும் கண் தாண்டிவிடும். இந்த மாதிரி இடத்தில் ஒரு நொடி தமிழில் சொல்லிப் பார்த்துக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

இப்போது நேரம். பத்துத் தவறுகளைச் சொன்னேன். எனக்கு அவற்றை விடக் கவலை தந்தது நீங்கள் சரியாகப் போட்ட ஒரு கணக்கு. இரண்டு பட்டியல்: 10, 20, 30 ஒன்று, 110, 120, 130 இன்னொன்று. எதன் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி எண்கள் சிதறியிருக்கும் அளவு, பெரியது? தாளில் "கொடுக்கப்பட்டவை" என்று தலைப்பு, கீழே "தீர்வு" என்று தலைப்பு, சராசரி, விலக்கம், வர்க்கம், கூட்டல், வர்க்கமூலம், இரண்டு பட்டியலுக்கும் முழுசாக. அரைப் பக்கம். கடைசியில் இரண்டும் சமம் என்று சரியான விடை. எப்படியும் மூன்று நிமிடம் போயிருக்கும். எல்லா எண்ணையும் நூறு நூறாகத் தள்ளி வைத்தால் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி மாறாது, திட்ட விலக்கமும் மாறாது. பென்சிலையே எடுக்க வேண்டாம்.

பத்தாவது பரீட்சையில் ஸ்டெப் மார்க் உண்டு. விடை தப்பானாலும் வழி சரியென்றால் பாதி வந்துவிடும், அதனால் நம்மை எல்லாவற்றையும் எழுத வைத்தார்கள். உங்கள் நூற்றுக்கு நூறில் அந்தக் கைக்கும் பங்கு உண்டு, நான் குறைத்துச் சொல்லவில்லை. இங்கே நீங்கள் எழுதுவதை யாருமே பார்ப்பதில்லை. முதல் பிரிவில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். ஒரு கணக்குக்கு 105 நொடி கூட முழுசாக இல்லை. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு இந்தக் கணக்குதான். அதனால் பழைய புத்தகத்தில் 20 கேள்வி, 35 நிமிடம் என்று போட்டிருந்தால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கேள்வி ஒப்பிடும் வகையில்தான் வரும். அந்த வகையை மட்டும் தனியாக எடுத்துக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் அரைப் பக்கங்கள் பெரும்பாலும் அங்கேதான் வீணாகின்றன. ஏ பெரியதா, பி பெரியதா, சமமா, சொல்ல முடியாதா என்ற நாலு விடையும் ஒருபோதும் மாறாது. எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்கவில்லை. எது பெரியது என்று தெரிந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் வெறும் எண்ணாகவே இருந்தால் "சொல்ல முடியாது" விடையாக வர வழியே இல்லை. எக்ஸ், ஒய் என்று ஏதாவது இருந்தால் 2, 3 என்று நல்ல பிள்ளைகளை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். பூஜ்யம், ஒன்று, மைனஸ் ஒன்று, அரை, மைனஸ் அரை. இந்த ஐந்து பேரையும் வாசலில் நிறுத்தி வைத்திருங்கள். கேள்வி யாரை உள்ளே விடுகிறதோ அவர்களைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் வெவ்வேறு விடை சொன்னால் அங்கேயே வேலை முடிந்தது. வடிவியல் படத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். அளவுப்படி வரைந்தது என்று அவர்கள் உத்தரவாதம் தருவதில்லை. எண் கோடு, ஆயத்தொலைப் படம், புள்ளிவிவர வரைபடம் மட்டும் அளவுப்படி இருக்கும். அங்கே கண்ணை நம்பலாம்.

திரையிலேயே ஒரு கால்குலேட்டர் இருக்கும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், அடைப்புக்குறி. நீங்கள் ஆபீசில் பயன்படுத்துவது மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். அடுக்கு போடும் பொத்தான் கிடையாது. மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டுவதற்குள் மனக்கணக்கு முடிந்துவிடும். 387-ஐ 46-ஆல் வகுக்க வேண்டியிருந்தால் எடுங்கள். 15% காண்பதற்கு எடுக்காதீர்கள்.

விட்டுவிட்டுப் போவதைப் பற்றி. நான் 2004-ல் இந்தத் தேர்வை எழுதினேன். அப்போது மதிப்பெண் 800-க்கு. கால்குலேட்டர் கிடையாது. ஒரு கேள்விக்கு விடை கொடுத்தால்தான் அடுத்தது வரும், பின்னால் திரும்ப முடியாது. பொறியியல் படித்த திமிர் வேறு. ஐந்தாவதோ ஆறாவதோ கேள்வியில் ஒரு ஒப்பிடும் கணக்கு. விட மனசில்லாமல் ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினேன். கடைசியில் நாலு கேள்வியைப் படிக்காமலே தட்டிவிட்டு வெளியே வந்தேன். ராத்திரி பஸ்ஸில் வரும்போது தோன்றியது, அந்தக் கணக்கில் பூஜ்யத்தைப் போட்டிருந்தால் பத்து நொடியில் முடிந்திருக்கும் என்று. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பிரிவுக்குள் முன்னும் பின்னும் போகலாம், குறி வைத்துவிட்டு நகரலாம். 30 நொடி பார்த்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஏதோ ஒரு விடையைத் தட்டி, குறி வைத்து, அடுத்ததற்குப் போங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதே கிடையாது. நீங்கள் இரண்டை வெறுமையாக விட்டுவிட்டு வந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சில கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மூன்று சரியான விடையில் இரண்டைக் குறித்தால் பாதி மதிப்பெண் எல்லாம் கிடையாது, பூஜ்யம்தான். நேரம் இல்லாதபோது முதலில் விட வேண்டியது அதுதான்.

முதல் பிரிவை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது பிரிவின் கடினம் அமைகிறது. இது தெரிந்ததிலிருந்து பிள்ளைகள் இரண்டாவது பிரிவில் உட்கார்ந்து "கேள்வி சுலபமாக இருக்கிறதே, முதல் பிரிவு போச்சா" என்று ஜாதகம் பார்க்கிறார்கள். பார்க்காதீர்கள். அதற்கும் நேரம் 26 நிமிடத்திலிருந்துதான் போகிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து புதுக் கணக்கு தொடங்கலாம், ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. 21 நிமிடம் வைத்து, ஒரே மூச்சில். அதன் பிறகு அதைப் பிரித்துப் பார்க்க நாற்பது நிமிடம். சரியாக வந்ததையும் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்திருந்தால் அதுவும் நோட்டுக்குப் போக வேண்டும். கால்மானம், சேர்க்கை, இயல்நிலைப் பரவல் (நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்) இந்த மூன்றுக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். தேர்வு நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே கணக்குப் பாடம் முழுவதையும் ஒரு தொகுப்பாக இலவசமாகத் தருகிறது. அதற்கு வெளியே இருந்து பாடம் வராது. பயிற்சிக் கணக்குக்கும் இ.டி.எஸ். புத்தகங்களையே வைத்துக்கொள்ளுங்கள். வெளியார் கணக்குகள் பல நேரம் தேவையில்லாமல் முரட்டுத்தனமாக இருக்கும், கேள்வியின் சொல் நயம் இருக்காது. உங்களுக்கு வேண்டியதே அந்தச் சொல்தான்.

இ.டி.எஸ். இலவசமாகத் தரும் பவர்பிரெப் மாதிரித் தேர்வு இரண்டையும் எழுதி முடித்துவிட்டீர்கள். அதையே மறுபடி எழுதினால் 162 வரும், ஏனென்றால் பாதிக் கணக்கு நினைவிருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். பணம் கட்டி எழுதும் பவர்பிரெப் பிளஸ் தேர்வில் ஒன்றை ஐந்தாவது வாரம், இன்னொன்றை எட்டாவது வாரம் எழுதுங்கள். புத்தகத்துக்கும் கோச்சிங்குக்கும் எடுத்து வைத்த காசில் இது ஒரு சிறு பகுதிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டுரையில் தொடங்கி கடைசி வரை, நடுவில் எழுந்திருக்காமல். தேர்வு மொத்தமே 1 மணி 58 நிமிடம், இடைவேளை கிடையாது. நீங்கள் இதுவரை கணக்குப் பகுதியை மட்டும் ராத்திரி பத்து மணிக்கு, வேலை முடிந்த களைப்பில் எழுதியிருந்தால், அந்த 157-ஐயே முழுசாக நம்ப வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து எழுதப் போகிறீர்களா, மையத்துக்குப் போகிறீர்களா என்று எழுதவில்லை. வீட்டில் என்றால் சாதாரணத் தாளில் எழுதக் கூடாது. சின்ன வெள்ளைப் பலகை, அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு தாள், அதன் மேல் அழிக்கும் பேனா. அரைப் பக்கம் எழுதுகிற உங்களுக்கு இது நல்ல வைத்தியம், இன்றிலிருந்தே அதில் பழகலாம். மையத்தில் தாள் கொடுப்பார்கள். எனக்கு என்னவோ மையமே நல்லது என்று படுகிறது. வீட்டில் கரண்ட் போவதற்கும் நெட் போவதற்கும் நீங்கள் பொறுப்பாக வேண்டாம். பதிவு செய்யும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். இனிஷியலை விரித்து எழுதியதா, அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

கோச்சிங் பற்றி ஒரு வரி. பாடமே தெரியாதவர்களுக்கும், தனியாக உட்கார்ந்தால் படிக்கவே முடியாதவர்களுக்கும் அது உதவும். நீங்கள் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு மாதத்தில் 1,400 கணக்குப் போட்டவர். நாற்பது பேர் உள்ள வகுப்பில் உங்களுடைய அந்த "3-ஐ 7-ஆல் வகுக்க முடியாது" யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இன்னொன்று, பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது. நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் துறைகளின் பக்கத்தைத் திறந்து ஜி.ஆர்.இ. கேட்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. கேட்கிற இடத்தில், டேட்டா சயின்ஸ் என்றால் கணக்கு மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆபீஸ் நண்பர்கள் சொல்லும் 168 தேவையா என்பதை அந்தப் பட்டியல் சொல்லட்டும். குவான்டில் மேல் மதிப்பெண் எடுப்பவர்கள் நிறைய. இங்கிலீஷ் பகுதியான வெர்பலில் 160 எடுத்தவர் நிற்கும் இடம், குவான்டில் 160 எடுத்தவர் நிற்கும் இடத்தை விட நன்றாகவே மேலே. நீங்கள் கணக்குக்கே எல்லா ராத்திரியையும் கொடுத்துவிட்டு வெர்பலைக் கைகழுவுவது சரியாகப் படவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது அதற்கு விடுங்கள்.

தேர்வுத் தேதியைத் தள்ளிப் போட வேண்டாம். முதல் முறை சரியாக வராவிட்டால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம். எந்த முறை எடுத்த மதிப்பெண்ணை அனுப்புவது என்பது உங்கள் கையில். விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன் அந்த 21 நாளும், மதிப்பெண் போய்ச் சேர இரண்டு வாரமும் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் அந்த நாற்பது பக்க நோட்டில் எத்தனை ஏறியிருக்கிறது, எந்தச் சொல் அதிக முறை வந்திருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். "அட் லீஸ்ட்" என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.